வெந்நீரில் போட்ட கம்பளி

அக்டோபர் 6

இருபத்தாறு வருஷம் ஒரு துணியைக்கூடக் கெடுக்காத என்னைக் கூப்பிட்டு வைத்து, "கெடுங்க ஜெசிந்தா, நல்லாக் கெடுங்க" என்கிறார் வத்சலா மேடம். அதற்குச் சம்பளமும் தருகிறாராம். தலையெழுத்து.

ஆஸ்பத்திரி லாண்டரியைக் காண்ட்ராக்டுக்கு விட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பி ஐந்து மாதமாகிறது. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் இந்த வேலைக்குச் சரி சொன்னேன். மேடம் சென்னையிலிருந்து வந்து குன்னூரில் வீடு வாங்கிக் குடியேறியவர். வீட்டுக்குப் பின்னால் கார் ஷெட்டில் பட்டறை. போர்டிங் ஸ்கூல் பிள்ளைகள் கழித்துப் போட்டது, பங்களாக்காரர்கள் தூக்கிக் கொடுத்தது என்று பழைய கம்பளி ஸ்வெட்டர்கள் கூரை வரை மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அதையெல்லாம் வெந்நீரில் சோப்போடு போட்டு அடிஅடியென்று அடித்தால் சுருங்கி, இறுகி, தடியாகிவிடுகிறது. அதற்குப் பேர் ஃபெல்ட். அப்புறம் எங்கே கத்தரித்தாலும் நூல் பிரியாது. செருப்பு, கைப்பை, கெட்டில் மேல் கவிழ்க்கிற மூடி, சட்டையில் குத்திக்கொள்கிற பூ, எல்லாம் அதில் தைக்கிறார்கள்.

முதல் ஸ்வெட்டரைக் கையில் எடுத்ததும் என் கை தானாகப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டது. மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கம்பளி, ஒரு ஓட்டை இல்லை. கொதிக்கிற தண்ணீரில் போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை திரும்ப மூட்டையில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 7

கை வெந்துவிட்டது. தேங்காயெண்ணெய் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 14

எல்லாக் கம்பளியும் கம்பளி இல்லை என்று இன்று தெரிந்துகொண்டேன். ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்ட வேண்டும். முடி பொசுங்குகிற நாற்றம் வந்து சாம்பலாய் உதிர்ந்தால் நிஜக் கம்பளி. உருகி, மணியாய்த் திரண்டால் அக்ரிலிக். அதை எவ்வளவு வேகவைத்தாலும் சுருங்காது, வந்தபடியே வெளியே வரும். நம் ஊர் மார்க்கெட்டில் பாதி ஸ்வெட்டர் அதுதானாம்.

கூட வேலை செய்கிற சரோ அக்கா என் பக்கத்து லைன் வீட்டுக்காரி. தையல் அவள் பொறுப்பு. வாய்க்குப் பூட்டே கிடையாது. எல்லோரும் இருக்கும்போது, "ஜெசி, ஒங்க வீட்டுக்காரர் ஸ்வெட்டரெல்லாம் ட்ரங்குப் பெட்டியில சும்மாத்தான கெடக்கு? அதெல்லாம் நெசக் கம்பளியாச்சே. கொண்டாந்து போடேன்" என்றாள்.

பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்து அந்துருண்டை மாற்றினேன். அவர் ஸ்வெட்டர் ஏழும் பத்திரமாக இருக்கின்றன.

அக்டோபர் 19

நாலு நாள் மழைக்கப்புறம் வெயில். ஏழு ஸ்வெட்டரையும் வெளியே கொடியில் போட்டேன். பூச்சி அரித்துவிடும் என்பதால்தான். வேறொன்றும் இல்லை.

சரோ அக்கா எட்டிப் பார்த்து, "சாவி கெடைச்சுதாக்கும்" என்றாள். "கெடைச்சுது" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்திருப்பாள். சிரிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போய் மூன்று வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. டூரிஸ்ட் வேன் ஓட்டப் போன இடத்தில் பழக்கமான மேட்டுப்பாளையத்துக்காரி, நிர்மலா. இரண்டு சட்டை, லுங்கி, ரேடியோ, ஷேவிங் செட் எடுத்துக்கொண்டு அவளோடு போனார். ஸ்வெட்டர் ஒன்றுகூட எடுக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்வதில்லை, இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் பால் வாங்கப் போகிறவன்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வாசல் தாண்டுவான். நிரந்தரமாகப் போகிறவன் முதலில் எடுத்துவைப்பதே அதைத்தான். எடுக்காமல் போனவனுக்குப் போகிற எண்ணம் பாதிதான் இருந்திருக்கிறது. மீதிப் பாதி அந்தப் பெட்டியில் இருக்கிறது.

அக்டோபர் 30

மகள் பிலோமி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். அவள் கல்யாணம் ஜனவரி கடைசியில் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க நம் பங்குச் சாமியாரிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும்.

அப்புறம் மெதுவாக இழுத்தாள். "அம்மா, திட்டாத. அப்பாகிட்ட பேசினேன்."

"எப்போ?"

"பேசிட்டுத்தான் இருக்கேன். மாசம் ஒருவாட்டி போய்ப் பாப்பேன்."

மூன்று வருஷமாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். அங்கே சோறு தின்றிருக்கிறாள். அந்த நிர்மலா பரிமாறியிருப்பாள். இங்கே வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தும் இருக்கிறாள், வாயே திறக்கவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிகிறது. ஆனால் நான் கத்தவில்லை, ஏனென்றால் அடுத்து அவள் சொன்னது வேறு.

"டிசம்பர்ல அப்பா மேல வர்றாராம்மா. ஒன்னையப் பாக்கணும்னாரு."

வரட்டும், எனக்கென்ன என்றேன்.

மார்க்கெட் போனேன். சிக்கரி கலந்த காப்பித்தூள் கால் கிலோ. நான் டீதான் குடிப்பேன். இருந்தாலும் வீட்டில் காப்பித்தூள் ஒன்று இருக்க வேண்டும். கூரைத் தகரம் ஒழுகுகிற இடத்தில் தார் பூச ஆள் சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 12

பெரிய ஆர்டர். பெங்களூரில் ஒரு கடைக்கு ஐம்பது கிறிஸ்துமஸ் குடில், எல்லாச் சொரூபமும் ஃபெல்ட்டில். மாதாவுக்கு நீலம் ஸ்கூல் ஸ்வெட்டரில் கிடைக்கிறது. ஆட்டுக்கு வெள்ளை, ராஜாக்களுக்கு மெரூன், கழுதைக்குச் சாம்பல், எல்லாம் இருக்கிறது. மாதாவின் புருஷன் சூசையப்பர் அங்கிக்குப் பழுப்பு மட்டும் இல்லை. எந்தப் பள்ளிக்கூடமும் பழுப்பு ஸ்வெட்டர் போடுவதில்லை போலிருக்கிறது. மேடம் சாயம் ஏற்றிப் பார்த்தார், சாணி மாதிரி வந்தது.

சரோ அக்கா என்னையே பார்த்தாள். எங்கள் கொடியில் அவருடைய பழுப்பு ஸ்வெட்டரைப் பார்த்தவளாயிற்றே.

"தரமாட்டேன்க்கா. அவரு டிசம்பர்ல வர்றாரு. வந்து கேட்டா என்ன சொல்வேன்?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஜெசி, நான் ஒண்ணு சொன்னா கோவப்படாத. போன வாரம் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு மேட்டுப்பாளையம் போனேன்ல. நவம்பர் மாசம், ஃபேன் போட்டும் வேர்த்து ஊத்துது. அங்க எவன் ஸ்வெட்டர் போடுறான்? அந்த மனுசன் ஒனக்காக விட்டுட்டுப் போனாருன்னு நெனைச்சிட்டிருக்க. தேவைப்படல, விட்டுட்டுப் போனாரு. அவ்வளவுதான்."

மேட்டுப்பாளையத்தை நான் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூர் போகிற நாளிலும் சாயங்காலத்துக்குள் ஏறி வந்துவிடுவேன். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட மலைக்குக் கீழே தங்கியதில்லை. மூன்று வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை. ஒருத்தி இவ்வளவு மடச்சியாக இருக்க முடியுமா?

நவம்பர் 13

பழுப்பு ஸ்வெட்டரைக் கொண்டுபோய் மெஷினில் போட்டுவிட்டேன். மூன்று தடவை வெந்நீர், கடைசியில் ஐஸ் மாதிரித் தண்ணீர். வெளியே எடுத்தபோது ஐந்து வயதுப் பையனுக்குக்கூடப் பற்றாது. மேடம் தடவிப் பார்த்து, "அடடா, எப்படி வந்திருக்கு!" என்றார். ஐம்பது சூசையப்பருக்கும் அங்கி வெட்டியாயிற்று. பெண்டாட்டியைச் சத்தமில்லாமல் விலக்கிவிட நினைத்தும் விட்டுப் போகாத புண்ணியவான். போடட்டும்.

கம்பளி வெந்நீரில் சுருங்கும் என்பதை நான் லாண்டரியில் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில், அழுக்கு நன்றாகப் போகட்டும் என்று அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கிவிட்டேன். அவர் எடுத்து விரித்துப் பார்த்தார். ஓர் அறைதான். இடது காதில் அன்றைக்கு ஆரம்பித்த இரைச்சல் கொஞ்ச நாளில் நின்றது, அதோடு கேட்பதும் நின்றது. பின்னாளில் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் லாண்டரி மெஷின் சத்தத்தில் போய்விட்டது என்று சொல்லிவைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. உடுப்பு விஷயத்தில் மட்டும் அப்படி. சாப்பாட்டு விஷயத்திலும் கொஞ்சம்.

நவம்பர் 20

பழுப்பு எங்கே என்று அவர் கேட்டால், பூச்சி அரித்துவிட்டது என்று சொல்வேன். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். நம்பும்படிதான் இருக்கிறது.

சரோ அக்கா சொல்வது சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஏன் மேலே வருகிறார்? ஏன் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்?

டிசம்பர் 11

வந்தார்.

காலை பத்தரை மணி பஸ். நான் வேலைக்கு லீவு சொல்லியிருந்தேன். தலைக்குக் குளித்து, ஊதாச் சேலை கட்டியிருந்தேன். இளைத்திருக்கிறார், காதோரம் நரை. சட்டைக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். "பரவால்லயே, சிக்கரிக் காப்பி" என்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதும் போலிருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"ஊட்டியில ஒரு ரிசார்ட்ல டிரைவர் வேலை கெடைச்சிருக்கு. குவாட்டர்ஸ் குடுத்துட்டான். போன வாரமே சாமான் எறக்கியாச்சு."

"ம்."

"குளிரு தாங்கல. என் ஸ்வெட்டரெல்லாம் வச்சிருக்கியாமே. பிலோமி சொன்னா."

நான் பெட்டியைத் திறந்தேன். ஆறையும் எடுத்து வைத்தேன்.

"பழுப்பு எங்க?"

"பூச்சி அரிச்சிருச்சுங்க."

"அடச்சே. அதுதான் கொஞ்சம் சின்னது, அவளுக்குச் சரியா இருக்கும்னு நெனைச்சிட்டு வந்தேன். பாவம், அவ பனியே பாத்ததில்ல. ராவும் பகலும் வெடவெடன்னு கெடக்கா."

பாவமாம். எனக்கு இந்த முப்பது வருஷத்தில் ஒரு பாவம் கிடைத்ததில்லை.

அவர் நிர்மலாவுக்குப் போன் போட்டு, "இந்தா, ஆறு இருக்கு, எடுத்துட்டு வர்றேன். எப்படித் தொவைக்கணும்னு இவகிட்டயே கேட்டுக்க. இருபத்தாறு வருசம் லாண்டரியில இருந்தவ" என்று போனை என் கையில் திணித்துவிட்டு, பீடி பற்றவைக்க வெளியே போனார்.

வலது காதில் வைத்தேன். சின்னக் குரல். என் பிலோமி வயசுக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு கூட இருக்கலாம், அவ்வளவுதான்.

"அக்கா, வணக்கம்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க. கம்பளியெல்லாம் நான் தொட்டதே இல்லக்கா. எப்படித் தொவைக்கறது? உடுப்பு விசயத்துல அவருக்குக் கோவம் வருமில்ல, அதான் ஒங்களயே கேட்டுக்கறேன்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. அவள் சொன்னதும் புரிந்தது, சொல்லாததும் புரிந்தது. இதை மறைத்து எழுதுவதில் பிரயோசனமில்லை.

"நல்லாக் கொதிக்கற தண்ணியா இருக்கணும்" என்றேன். "சோப்பு தாராளமாப் போட்டு ஊறவச்சு, கல்லுல அடிச்சுத் தொவைம்மா. அப்பத்தான் பூச்சி முட்டையெல்லாம் சாகும். கடைசியில பச்சைத் தண்ணியில அலசிடு."

"ரொம்ப நன்றிக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

ஆறையும் மடித்து, பழைய பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு வந்துவிடுவேன் என்று வாசலில் நின்று சொன்னார்.

டிசம்பர் 12

வேலைக்குப் போனேன்.

நான் செய்தது தப்பென்றால், அவர்கள் இரண்டு பேரும் செய்ததற்குப் பேர் என்ன? என் புருஷன், என் மகள், கடைசியில் என் ஸ்வெட்டரும் அவளுக்கு. ஒரு பாடாவது அவளுக்குத் தெரியட்டும்.

டிசம்பர் 17

ஊட்டியில் தூறல், பேப்பரில் போட்டிருக்கிறது. இந்த ஈரத்தில் யாரும் கம்பளி துவைக்கமாட்டார்கள். பிலோமியிடம் அவர்கள் நம்பர் இருக்கிறது, என்னிடம் பிலோமி நம்பர் இருக்கிறது. ஒரு போன் போட்டு, "பச்சைத் தண்ணியிலயே அலசச் சொல்லு" என்றால் முடிந்தது.

மூட்டையில் கட்டினபோது அந்துருண்டை வாடை தூக்கலாக இருந்தது. துவைக்காமல் போட முடியாது.

போன் போடவில்லை.

டிசம்பர் 24

குடில் ஐம்பதும் போன வாரமே பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டது. மேடம் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். பூசைக்குப் போனேன். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளமாக இருந்தது, நிற்கவில்லை.

ஊட்டியில் இரண்டு நாளாக நல்ல வெயிலாம்.

டிசம்பர் 28

பிலோமி பேசினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அம்மா, அந்தம்மா போயிருச்சு. மேட்டுப்பாளையத்துக்கே, அவங்கம்மா வீட்டுக்கு."

"ஏன்?"

"அப்பா ஸ்வெட்டர் ஆறையும் கொதிக்கற தண்ணியில போட்டு, பொம்மைச் சட்டை மாதிரி ஆக்கிருச்சாம். அப்பாவுக்குக் கோவம் வந்து கை நீட்டிட்டாரு. மணிக்கட்டு ஒடைஞ்சு கட்டுப் போட்டிருக்காம். இதுல பாரு, நீதான் அப்படித் தொவைக்கச் சொன்னன்னு ஒன் மேலயே பழி போட்டுச்சாம். அப்பா நம்புவாரா? 'லாண்டரியில இருபத்தாறு வருசம் இருந்தவ அப்படிச் சொல்வாளா, பொய் வேற சொல்றியா'ன்னு அதுக்குத் தனியா விழுந்திருக்கு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அம்மா? கேக்குதா? அப்பா ஒங்கிட்டயே வந்துடறேங்கறாரு. கல்யாணத்துல ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கலாம்மா."

முதல் தடவை அடித்ததற்கு நான் காரணம். இரண்டாம் தடவை அடித்ததற்கு என் நல்ல பேர் காரணம். எத்தனை வருஷம் உழைத்துச் சேர்த்த பேர். சாப்பிடவில்லை.

டிசம்பர் 31

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டுகிற சத்தம். பெட்டியும் கையுமாக நின்றார். அதே துண்டு, அதே நடுக்கம். உள்ளே வா என்று நான் சொல்லவேண்டியதில்லை என்ற நினைப்பில் ஒரு காலை நிலைக்கு உள்ளே எடுத்து வைத்தார்.

"அப்படியே நில்லுங்க" என்றேன். "வெந்நீர்ல போடச் சொன்னது நான்தான். அந்தப் பொண்ணு பொய் சொல்லல. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அறை விழும் என்றுதான் நினைத்தேன். விழட்டும் என்று வலது கன்னத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டே நின்றேன், அந்தக் காதும் போனால் போகட்டும். அவர் சிரித்தார். நிஜமாகவே சந்தோஷமாகச் சிரித்தார்.

"அடி கள்ளி! என்னையத் திரும்பக் கொண்டாரவா இத்தன வேல? எம்மேல அவ்வளவு ஆசையாடி ஒனக்கு?"

கன்னத்தைத் தட்டினார். செல்லமாகத்தான்.

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் தாங்கவில்லை. மூன்று வருஷம் அந்துருண்டை மாற்றி மாற்றிக் காத்திருந்ததும் இந்த ஆளுக்குத்தான், ஒரு பெண்ணின் கையை ஒடிக்கக் கொடுத்ததும் இந்த ஆளுக்குத்தான். அவள் கை ஒடிந்ததை அவர் எனக்குக் கிடைத்த பரிசு மாதிரி நினைத்துச் சிரிக்கிறார்.

"காலை வெளிய எடுங்க."

"என்னது?"

"வெளிய எடுங்கன்னேன்."

எடுக்கவில்லை. நான் கதவை அழுத்தினேன். முழங்கையில் இவ்வளவு பலம் இருப்பது எனக்கே தெரியாது. அவர் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு காலை இழுத்துக்கொண்டார். தாழ்ப்பாள் போட்டேன். ரொம்ப நேரம் கதவை உதைத்தார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சரோ அக்கா தன் வாசலில் வந்து நின்று, "யாருய்யா அது, போலீசக் கூப்புடவா?" என்று கத்தின பிறகுதான் சத்தம் நின்றது.

பிலோமியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நிர்மலாவின் நம்பரோ அவள் அம்மா வீட்டு விலாசமோ வேண்டும் என்றேன். அவள் அழுதாள். "என் கல்யாணத்தக் கெடுத்துட்டியேம்மா" என்றாள். "ஒனக்கு அப்பா வேணும்னுதான நான் இத்தன நாள் அங்க போயிப் போயிப் பேசினேன்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

சரோ அக்காவின் தங்கச்சிக்கு நிர்மலாவின் அம்மா வீடு தெரியுமாம், மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டிக்குப் பின்னால் இருக்கிற தெரு. நாளைக்கு முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். என்ன சொல்வது என்று மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன். நீ பொய் சொல்லவில்லை என்று அவள் அம்மா முன்னால், தெருவில் இருக்கிறவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை.